ஈயம் குடித்த சீரை

என்ன வேலை என்று யார் கேட்டாலும் "குப்பை" என்று சொல்லிப் பழகிவிட்டேன். அபாயகரமான கழிவுகள், மாசுபட்ட மண்ணை மீட்பது என்று முழுதாகச் சொல்லிப் பார்த்த காலமும் உண்டு. பாதி சொல்வதற்குள் எதிரே நிற்பவர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவார். குப்பை என்றால் எவருக்கும் புரியும். புரிந்ததன் பலனாக, கேரளத்து எல்லை ஊரான தனுவச்சபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் ஃபியூஸ் போன டியூப் லைட், கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, ஒருமுறை ஒரு முழு மெத்தை என்று என் வீட்டு வாசலில் கொண்டு வைத்துவிட்டுப் போனார்கள். "சாரு ஆராய்ச்சி செய்யட்டு" என்று அதற்கு ஒரு விளக்கமும் கொடுத்தார்கள். மெத்தையைப் பார்த்த என் அம்மா, "இதுக்கா மக்கா இத்தன வருஷம் காலேஜுக்குப் போனே?" என்று கேட்டாள். கேள்வியில் நியாயம் இருந்ததால் மெத்தையைத் தூக்கிப் பின்பக்கம் போட்டேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கொஞ்சம் தமாஷ்காரன். எங்கே எதைச் சொல்லக் கூடாதோ அங்கே அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பவன் என்று பெயரெடுத்தவன். பல்லைப் பிடுங்க வாய் திறந்து படுத்திருக்கும்போதும் டாக்டரிடம் ஏதோ சொல்லப்போய் இரண்டு பேருக்கும் சங்கடமாகிவிட்டது. அந்தப் பெயர் ஒரு நாள் என் கழுத்தைப் பிடிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பக்கத்து ஊரான செங்கலுக்குப் போகிற வழியில் ஒரு வீடு. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் அங்கே தனியாக இருந்தார். அந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு மூக்கைத் துடைத்துவிட்டவர் என்பதால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் வளைகுடாவில். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் பறம்பு, அதாவது தோட்ட நிலம். அதைக் கணவர் இருந்த காலத்தில், வெளியூர்க்காரன் ஒருவனுக்குத் தகர ஷெட் போட்டுக்கொள்ள வாடகைக்குக் கொடுத்திருந்தார். அவன் பழைய பேட்டரிகளை வாங்கி, உடைத்து, ஈயத்தை உருக்கி விற்றான். ஆசிட்டை மண்ணிலேயே கொட்டினான். எல்லைக்கு அந்தப் பக்கமும் அவனுக்கு ஒரு ஷெட் உண்டு. கேரளத்து ஆபீசர் வருகிறார் என்றால் பேட்டரிகள் தமிழ்நாட்டுக்குப் போய்விடும். தமிழ்நாட்டு ஆபீசர் வருகிறார் என்றால் எல்லாம் திரும்பி வரும். இரண்டு மாநிலத்துப் பரிசோதனையிலும் அவன் குற்றமற்றவன். ஒருநாள் ஷெட்டைப் பிரித்துக்கொண்டு போய்விட்டான். ஈயத்தை மட்டும் மண்ணில் விட்டுவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு அந்தப் பறம்பில் ஒன்றும் முளைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கம்யூனிஸ்ட் பச்சை என்று ஒரு செடி உண்டு. ரோட்டோரம், சுவரிடுக்கு, கூரை ஓடு எதையும் விடாது. அதுகூட டீச்சர் பறம்பின் வேலி வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது.

நான் மண் எடுக்கப் போன முதல் நாளே டீச்சர் கேட்டார். "சாரே, ஒரு காரியம் நேரே சொல்லணும். இந்த மண்ணு திரும்பி வருமா, வராதா? மகளு லீவுக்கு வாறா. காங்கிரீட்டு போட்டு மூடியிட்டு காரு நிறுத்துவோம்னு ஒற்றக் கால்ல நிக்கியா. வராதுன்னா போட்டிரலாம். வரும்னா எனக்கு அதுல நாலு மூடு மரச்சீனிக் கிழங்கு நடணும். எனக்க மாமியாரு நட்ட மண்ணாக்கும்."

"பாத்து சொல்லியேன் டீச்சர்" என்றேன். ஆராய்ச்சிக்காரன் வாயிலிருந்து இதற்கு மேல் ஒரு பதிலை யாரும் வாங்கிவிட முடியாது.

முதலில் சுண்ணாம்பு போட்டு மண்ணின் புளிப்பைக் குறைத்தேன். ஈயத்தை இடத்தை விட்டு நகராமல் மண்ணிலேயே கட்டிப்போட எல்லுப்பொடி நல்லது என்று படித்திருந்தேன். மூட்டை மூட்டையாக எலும்புத் தூளை வாங்கி, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்த் தூவி, கொத்திவிட்டு வந்தேன். அடுத்த நாள் போனால் செங்கல் வட்டாரத்து நாய்கள் மொத்தமும் அங்கே மாநாடு போட்டிருந்தன. பறம்பு முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தன. ஒன்று என்னைப் பார்த்து உறுமியது. அதன் இடத்துக்குள் நான் நுழைந்துவிட்டேனாம். ஆட்டோக்காரர் வண்டியை விட்டு இறங்காமலேயே, "சாரே, இதுகளுக்குச் சம்பளம் உண்டா, இல்ல சாரைப் போல கிராண்டு வரும்போதாக்குமா?" என்று கேட்டார்.

எல்லுப்பொடியைக் கைவிட்டேன். அடுத்த வழி, ஈயத்தைக் கட்டிப்போடுவதற்குப் பதிலாக வெளியே எடுப்பது. சில செடிகள் மண்ணில் உள்ள உலோகத்தை வேர் வழியாக உறிஞ்சித் தண்டுக்கும் இலைக்கும் கொண்டுவரும். செடியை வேரோடு எடுத்துப் பத்திரமாக அப்புறப்படுத்தினால் மண்ணில் அவ்வளவு ஈயம் குறையும். மறுபடி நட வேண்டும், மறுபடி எடுக்க வேண்டும். நான் சிவப்புக் கீரையை விதைத்தேன். எங்கள் பக்கத்தில் அது சீரை. சுண்ணாம்பும் சாணியும் போட்ட மண், நல்ல மழை. சீரை என் மானத்தைக் காப்பாற்றியது. இடுப்புயரத்துக்கு, பட்டுச்சேலை விரித்த மாதிரி வளர்ந்து நின்றது. ரோட்டில் போகிறவர்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள்.

தின்னக் கூடாது என்று டீச்சரிடம் சொல்லியிருந்தேன். அதையும் என் பாணியில் சொன்னேன். "டீச்சர், இது எனக்க பிள்ளைகளாக்கும். பொரியலாக்கீராதிங்க." டீச்சர் சிரித்தார். ஆங்கிலத்தில் 'ஆராய்ச்சி நிலம், தொடாதீர்' என்று ஒரு போர்டும் வைத்தேன். இவ்வளவு நல்ல சீரைக்குக் காவல் போர்டு வைக்காமல் இருப்பானா என்றுதான் அதை வாசித்தவர்கள் நினைத்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆய்வகத்துக்கு வேண்டிய செடிகளைப் பிடுங்கிக்கொண்டேன். மீதியிருந்த ஒரு பாத்தியைத் திங்கட்கிழமை வந்து எடுப்பதாகத் திட்டம். "எனக்கு வேண்டியதை எடுத்தாச்சு டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எடுத்த இலையைக் கழுவி, உலர்த்தி, பொடித்து, அமிலத்தில் கரைத்து மெஷினில் வைத்துப் பார்த்தபோது சனிக்கிழமை சாயங்காலமாகிவிட்டது. சீரை வஞ்சனையில்லாமல் ஈயத்தைக் குடித்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். டீச்சரிடம் நேரிலேயே சொல்லிவிட்டு, மிச்சத்தை ஒருமுறை பார்த்துவிட்டும் வரலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை பைக்கை எடுத்தேன்.

வீடு பூட்டியிருந்தது. பின்னால் போனேன். பாத்தியில் சீரை இல்லை. அடித்தண்டு மட்டும் சீராக, கத்தியால் அறுத்த மாதிரி வரிசையாக நின்றது. நாய் இப்படி அறுக்காது. நான் விழித்துக்கொண்டு நிற்கும்போதே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கி பேசியது.

"அடுத்தது, நம்ம டீச்சருக்க பறம்புல வெளஞ்ச முதல் பலன்! ஒரு கெட்டு சீரை! எத்தன வருஷமா தரிசாக் கெடந்த மண்ணாக்கும், கர்த்தரு வெளைய வச்சாரு! ஆரு கேக்கியா?"

அன்று அவர்களுக்கு அறுப்புப் பண்டிகை. எந்த மண்ணிலும் முதலில் விளைந்ததை வீட்டில் தின்னாமல் சபைக்குக் கொண்டுவருவார்கள். அங்கே ஏலம் விடுவார்கள். நான் தின்னக் கூடாது என்று சொன்னேன். டீச்சர் தின்னவில்லை.

ஓடினேன். பந்தலுக்குக் கீழே வாழைக்குலை, தேங்காய், மரச்சீனி, கால் கட்டிய சேவல், கேக்கு எல்லாம் அடுக்கியிருந்தது. மைக் பிடித்து ஏலம் விட்டவர் வேறு யாருமில்லை, என் மூட்டைகளைச் சுமந்த ஆட்டோக்காரர். அவருடைய இன்னொரு கையில் வாழைநாரால் கட்டிய சீரை, ஒரு குழந்தையைத் தூக்குவது போல. முன்வரிசையில் டீச்சர். சந்தன நிறச் சேலை, மடியில் பைபிள். சீரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் அம்மா முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அந்த முகத்துக்கு முன்னால் நின்று, டீச்சர் கர்த்தருக்குக் கொடுத்தது விஷம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏலத்தில் நானே எடுத்துவிட்டால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கையைத் தூக்கி ஒரு விலை சொன்னேன்.

"அடடா, ஆராய்ச்சிச் சாரு வந்தாச்சு!" என்றார் ஆட்டோக்காரர். "எலே, சாரு சீரை கேக்காரு! விடப்பிடாது!"

விடவில்லை. பந்தலுக்குப் பக்கத்தில் மத்தியான விருந்துக்குச் சமையல் நடந்துகொண்டிருந்தது. அதை ஏற்றிருந்த கேட்டரிங்காரர், வயிறு பெரிய, சிரித்த முகமுள்ள மனுஷன், கரண்டியோடு வந்து என் விலைக்கு மேலே ஒன்று சொன்னார். நான் ஏற்றினேன். அவரும் ஏற்றினார். அங்கே ஒருவர் விலையை இன்னொருவர் ஏற்றிவிடுவது பகையில்லை, விளையாட்டு. சபைக்கும் வருமானம். சந்தையில் சில்லறைக்குக் கிடைக்கிற ஒரு கட்டுக் கீரைக்கு நான் சொன்ன விலையைக் கேட்டு, சேவல்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்! சாருக்கு!"

ஜனங்கள் கை தட்டினார்கள். போனில் பணத்தை அனுப்பினேன். நிம்மதியாகக் கையை நீட்டினேன். ஆட்டோக்காரர் என் நீட்டிய கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு மைக்கில், "சாரு பெரிய மனசாக்கும்! திரும்ப ஏலம்! ஆரு கேக்கியா?" என்றார்.

எங்கள் பக்கத்துக் கோயில் உற்சவத்தில் ஏலம் எடுத்தவன் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோவான். இங்கே மானமுள்ளவன் எடுத்ததைத் திரும்பக் கொடுத்து, மறுபடி ஏலம் விடச் சொல்லுவானாம். ஒரே முட்டை ஒரு வெள்ளாட்டின் விலைக்குப் போவது அப்படித்தானாம். இதெல்லாம் பக்கத்தில் இருந்தவர் பிறகு சொல்லித் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, கணக்கில் வேறு பணம் இல்லை என்பதும், இரண்டாவது ஏலத்தில் சீரை கேட்டரிங்காரர் கைக்குப் போய்விட்டது என்பதும்தான்.

அவர் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "நான் திரும்பக் குடுக்க மாட்டேன் கேட்டியளா! டீச்சருக்க சீரை எல்லாருக்கும் வேணும். இப்பத் தேங்கா போட்டுத் தோரன் வச்சு மத்தியானப் பந்தியில வெளம்பியேன்!"

மறுபடி கைதட்டல்.

இந்தச் சீரையை ஒரு வேளை தின்றால் யாரும் விழுந்துவிட மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் முதல் பந்தியில் பிள்ளைகளைத்தான் உட்கார வைப்பார்கள். ஈயம் பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் தேடிப் போகும். நான் பெஞ்சின் மேலே ஏறி நின்றேன்.

"அதைத் தின்னப்பிடாது! அதுல ஈயம் உண்டு!"

பந்தலே சிரித்தது.

"தோத்த சங்கடமாக்கும் சாருக்கு!"

"ஈயமா? அப்பப் பாத்திரத்துக்குப் பூசிக்கலாமே!"

"ஒரு கை தோரன் சாருக்கு எடுத்து வையுங்க வே, பாவம்!"

"தமாஷ் இல்ல! நான் சத்தியமாச் சொல்லியேன்!" என்று கத்தினேன். போன மாதம் ஆட்டோவுக்குள் பாம்பு என்று சொல்லி ஆட்டோக்காரரை ஓடவிட்டபோதும் நான் இதே குரலில் சத்தியம் செய்திருக்கிறேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்க வைக்கக் கூடாது என்று நான் மனதார விரும்பிய நாளில்தான் என் வாழ்க்கையிலேயே பெரிய சிரிப்பை வாங்கினேன்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் வயிற்றுவலி என்று சொன்னால் எது நடிப்பு எது நிஜம் என்று முகத்தைப் பார்த்தே பிரித்த ஆள். எழுந்து என் பக்கம் வந்தார்.

"இறங்குங்க சாரே. உள்ளதா, தமாஷா?"

"உள்ளது டீச்சர். நேத்துதான் மெஷின்ல பாத்தேன். மண்ணுல உள்ளது இலைக்கு வந்திருக்கு."

"அப்ப மண்ணு நன்னாகல்லியா?"

சீரை யார் வாயில் போகப்போகிறது என்பதை விட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது இதைத்தான். எனக்குத் தமாஷாக ஒன்றும் தோன்றவில்லை. "இல்ல டீச்சர்" என்றேன்.

பைபிளைப் பெஞ்சில் வைத்தார். பிறகு நேராகப் போய் ஆட்டோக்காரர் கையிலிருந்து மைக்கை வாங்கினார். அவருக்கும் மூக்கைத் துடைத்துவிட்டவர்தான், உடனே கொடுத்துவிட்டார்.

"சாரு சொல்லியது உள்ளதாக்கும்" என்றார். "எனக்க பறம்புல பேட்டரிக்காரன் ஊத்தின விஷம் அந்தச் சீரையில உண்டு. பாக்க நல்லா இருந்ததுனால மண்ணு நன்னாச்சுன்னு நான் நெனச்சுப்போட்டேன். அதை ஒருத்தரும் தின்னண்டாம். கர்த்தருக்கு நான் வேற ஏதாவது கொண்டு வாறேன்."

கேட்டரிங்காரர் தலைக்கு மேலே பிடித்திருந்த கட்டை மெல்ல இறக்கி, உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். சாரைப்பாம்பைப் பிடித்தவன் விடவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நிற்பது போல. ஆட்டோக்காரருக்குத்தான் முதலில் சுயநினைவு வந்தது.

"அப்ப இந்தக் கெட்டு ஆருக்கு?"

"ஏலம் ஏலமாக்கும். நான் சொன்ன பைசாவச் சபைக்குக் குடுத்திருவேன்" என்றார் கேட்டரிங்காரர். "சீரை சாருக்கு இருக்கட்டு. சாரே, ஒண்ணு வந்து வாங்குங்களேன், கை மரத்துப்போச்சு."

ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரில் வாங்கிக்கொண்டேன். தொட்டவர்களை எல்லாம் குழாயடிக்கு அனுப்பி சோப்புப் போட்டுக் கைகழுவ வைத்தேன். வரிசையாக நின்று கழுவினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. கழுவிவிட்டு வந்த ஒரு அம்மா என் காதருகே, "சாரே, எங்க முற்றம் நிரப்ப அந்த ஷெட்டுல இருந்துதானே மண்ணு கோரி எடுத்தோம்" என்றார். அதற்குப் பிறகு என் வீட்டு வாசலில் மெத்தைக்குப் பதிலாக மண் பொட்டலங்கள் வரத் தொடங்கின. அம்மாவுக்கு இதுவும் பிடிக்கவில்லை.

கவரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது டீச்சர் கேட்டார். "அதை என்ன செய்வீங்க?"

"உலத்தி, டப்பாவில அடைச்சு வைக்கணும். எரிக்கப்பிடாது, புகையில போயிரும். பிறகு இதுக்குன்னு உள்ள இடத்துக்கு அனுப்புவோம்."

"எனக்குப் பாக்கணும். கர்த்தருக்குக் குடுத்தது எங்க போகுதுன்னு நான் அறியணும்."

நான் சரி என்றேன். உள்ளுக்குள் பயம்தான். மகள் அதற்குள் வந்துவிடுவாள். காங்கிரீட் கலவை வண்டி வேலியோரம் நிற்கிற காட்சி கண்ணுக்குள் வந்து வந்து போனது. ஈயம் காங்கிரீட்டுக்குக் கீழே பத்திரமாக இருந்துவிடும் என்று சொல்லவும் ஆள் உண்டு. ஆனால் டீச்சர் கேட்டது மரச்சீனி மூடு நான்கு.

சீரை முழுக்க உலர்ந்த பிறகு ஒரு சாயங்காலம் அவரை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். ஆட்டோக்காரரும் மேலே ஏறி வந்து கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குழந்தையைப் போலத் தூக்கிய கட்டு ஒரு சின்ன டப்பாவின் அடியில் கருஞ்சிவப்புச் சருகாகக் கிடந்தது. மூடியை இறுக்கிச் சிவப்பு லேபல் ஒட்டியிருந்தேன். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அத்தனையும் இவ்வளவுதானா?"

"தண்ணி போனா அவ்வளவுதான்."

"இதுல உள்ள ஈயம்?"

"அது அப்படியே இதுக்குள்ள உண்டு."

"அப்ப" என்று நிறுத்தினார். டப்பாவை விரலால் ஒருமுறை தட்டினார். "இவ்வளவு ஈயம் எனக்க பறம்புல இப்ப இல்ல. அப்படித்தானே?"

நான் அதை அந்தப் பக்கத்திலிருந்து யோசித்திருக்கவில்லை என்று சொன்னால் பொய். என் ஆராய்ச்சியே அதுதான். ஆனால் சபை வாசலில் "இல்ல டீச்சர்" என்று சொன்ன பிறகு, மீதியைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"அப்படித்தான். ஆனா ரொம்பக் கொஞ்சம் டீச்சர். இன்னும் எத்தன போகம் நடணும்னு எனக்குத் தெரியாது. வருஷக் கணக்கில ஆகும். நடுவில நீங்க சாரு பொய் சொன்னான்னு சொல்லப்பிடாது."

"மகளுக்கு லீவு கொஞ்ச நாளுதான். அவளுக்க காரு ரோட்டுலயே நிக்கட்டு" என்றார் டீச்சர். பிறகு, "அடுத்த விதை எப்பத் தூவணும்?"

"எல்லு மூட்டை வேண்டாமே சாரே, நாயுக்க சல்லியம்" என்றார் கதவருகே நின்றவர்.

"எல்லுப்பொடி இல்ல, விதை மட்டும்தான்" என்றேன்.

அடுத்த வாரம் விதைத்தோம். ஓரத்து வரிசையில் மட்டும் செண்டுமல்லி. அதுவும் கொஞ்சம் ஈயம் குடிக்கும், யாரும் தோரன் வைக்க மாட்டார்கள். பூ வந்தால் சபைப் பீடத்தில் வைக்கலாமா என்று டீச்சர் கேட்டார். வைத்ததைத் திரும்ப என்னிடமே தந்துவிட வேண்டும், ஏலமும் கிடையாது என்ற நிபந்தனையில் ஒப்புக்கொண்டேன்.

ஆங்கில போர்டை எடுத்துவிட்டுப் புதிது எழுதச் சொன்னார் டீச்சர். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். இப்போதும் செங்கல் போகிற வழியில் வேலியோரம் நிற்கிறது. 'இந்தச் சீரையில் விஷம் உண்டு. தின்னப்பிடாது, கொடுக்கப்பிடாது, ஆட்டுக்கும் போடப்பிடாது.' அத்தோடு முடிந்தது என்று பிரஷ்ஷைக் கழுவப் போனேன். டீச்சர் விடவில்லை. கீழே இடம் கிடக்கிறது, இன்னும் ஒரு வரி எழுது என்றார். அதுதான் மற்ற வரிகளைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறது.

'சாரு தமாஷ் சொல்லல்ல.'